எழுதிப் பார்க்காத தாள்

போன வாரம் ஜெசிந்தா போனில் ஒரு செய்தி சொன்னாள். அவள் வேலைக்குச் சேர்ந்திருக்கும் கல்லூரியில் கொள்முதல் பிரிவுக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். இனிமேல் அச்சடித்து வாங்குகிற எதுவானாலும், மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டுமாம்.

"எங்க செக்சன்ல நாலு பேரும் புதுசுப்பா. சுற்றறிக்கைய மாத்தி மாத்தி வாசிக்கோம், எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீங்க இதுலதான கெடந்தீங்க? எழுதி அனுப்புங்களேன்" என்றாள்.

மகளே, உனக்கும் உன்னோடு இருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பெரிய வார்த்தைகள் வராது. திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில், ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவனாகச் சேர்ந்து, அதே ஸ்டோருக்குக் கண்காணிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றேன். டெண்டர் எப்படி எழுதுவது, பதிவேடு எப்படி வைப்பது என்பதெல்லாம் உங்கள் மேசையிலேயே புத்தகமாக இருக்கும். அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த தப்பு அது.

அதற்கு முன்னால், எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வளாகத்துக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு மல்லிகைத் தோட்டம். ஒரு வருடம், மிஞ்சிப்போன மாணவர் சேர்க்கைக் கையேடுகளை அந்தச் சுவரோரம் போட்டு எரிக்கச் சொன்னேன். பழைய கையேடு, அடுத்த வருடத்துக்கு ஆகாது, இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. உள்தாள் எரிந்துவிட்டது. அட்டை எரியவில்லை. அதன்மேல் பளபளவென்று பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தது. அது சுருண்டு உருகி, கரும்புகையாகச் சுவரைத் தாண்டிப் போனது. மறுநாள் காலையில் தோட்டக்காரர் ஒரு கூடைப் பூவோடு நேராக ஸ்டோருக்கே வந்துவிட்டார்.

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன்.

"மல்லியப்பூ வாசம் வருதா?"

பூவைக் கூடையிலேயே திரும்பப் போட்டேன்.

"பூ மார்க்கெட்ல கமிசன் கடைக்காரரு கேக்குறாரு, என்னய்யா பழைய டயரைக் கட்டிக் கொண்டாந்திருக்கன்னு. படிச்சவுக இருக்கிற எடம்னு பேரு. நீங்க பாட்டுக்குப் பொஸ்தகத்தக் கொளுத்துறீக, நான் பொழப்ப எங்க கொளுத்த?"

கூடையை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க ஸ்டோரில் அந்தப் பூவும் புகையுமாக ஒரு வாடை. அதிலிருந்துதான் எனக்கு, வாங்கும்போதே அது கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று யோசிக்கிற பழக்கம் வந்தது. எந்தக் குழுவும் சொல்லித் தரவில்லை.

சில வருடம் கழித்து, இதே போன்ற ஒரு சுற்றறிக்கை எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. ஒரு குழு போட்டார்கள். தாளைத் தொட்டுத் தொட்டுக் கை தேய்ந்தவன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பேராசிரியர்கள் நடுவில் உட்கார்ந்து நானும் பேசினேன். அட்டைக்குப் பிளாஸ்டிக் படலம் வேண்டாம் என்றேன். ஒருபக்கம் மட்டும் அச்சடிக்கிற எல்லாவற்றையும் இருபக்கம் ஆக்கலாம் என்றேன். கட்டுகளுக்கு பிளாஸ்டிக் உறை வேண்டாம், சணல் கயிறு போதும். தூரத்து ஊரிலிருந்து லாரி லாரியாக வருவதை விட நம்மூர் அச்சகத்தில் அடிக்கலாம். யாரும் பிரித்துக்கூடப் பார்க்காத ஆண்டறிக்கையை அச்சடிக்கவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். கடைசியாக, தேர்வு விடைத்தாள் புத்தகத்துக்கு மறுசுழற்சித் தாள் என்றேன். எங்களிடம் அதிகமாகத் தாள் தின்பது அதுதான். அதற்கும் சரி என்று முடிவானது.

அந்த வருடம் டெண்டர், நாகல் நகரில் சின்னதாக அச்சகம் வைத்திருந்த ஒருவருக்குக் கிடைத்தது. ஊரில் எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிற இடம். எங்களைப் போன்ற பெரிய இடத்து ஆர்டர் அவருக்கு அதுதான் முதல்.

மாதிரிப் புத்தகம் கொண்டுவந்தார். இங்கேதான் கவனியுங்கள்.

எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரி வந்தால் மூன்று பேர் பார்த்து, உள்பக்கத்து மூலையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைப்போம். ஒன்று எங்களிடம், ஒன்று அச்சகத்திடம். பின்னால் வருகிற சரக்கை அதோடு ஒத்துப் பார்த்துத்தான் இறக்குவோம். நான் தாளைத் தடவிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மடித்தேன், கிழித்தேன். கோடுகள் நேராக இருந்தன. லேசான பழுப்பு நிறம், கண்ணுக்கு இதமாக இருந்தது. மேசையில் கயிறு கட்டிப் போட்டிருக்கிற பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். மற்ற இரண்டு பேரும் அதே பேனாவில் போட்டார்கள். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று நான்தான் அந்தக் கயிற்றைக் கட்டியிருந்தேன். வருசக்கணக்காக எங்கள் ஸ்டோரில் எந்தத் தாளிலும் அந்தப் பேனாவைத் தவிர வேறொன்று பட்டதில்லை.

சரக்கு வந்தது. மாதிரியோடு ஒத்துப் பார்த்தேன். அச்சு அசலாக அதேதான். இறக்கினேன். திங்கட்கிழமை தேர்வு ஆரம்பம்.

வெள்ளிக்கிழமை காலையில் தேர்வுப் பிரிவிலிருந்து கண்மணி வந்தாள். அங்கே எழுத்தர். எப்போதும் கையில் ஜெல் பேனாதான். நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று வைத்திருப்பாள். ஒரு விடைப் புத்தகத்தை விரித்து என் முன்னால் போட்டாள்.

"அண்ணே, சும்மா ரெண்டு வரி எழுதிப் பாத்தேன். இது என் பேரு. வாசிங்க பாப்போம்."

எறும்பை மையில் தோய்த்து ஊர விட்டதுபோல இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் மீசை முளைத்திருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். பின்பக்கமும் அதே பெயர் தலைகீழாகத் தெரிந்தது. அதன்மேல் இன்னொரு வரி எழுதினால் கடவுள்கூட வாசிக்க முடியாது.

"இந்த ஒரு புத்தகம் மட்டும் ஈரம் பட்டிருக்கும்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன்.

"அஞ்சு கட்டுல எடுத்துப் பாத்துட்டுத்தாண்ணே வாரேன்."

என் கையெழுத்துப் போட்ட மாதிரியை எடுத்தேன். அவளுடைய பேனாவை வாங்கி, அதே மூலையில் இன்னொரு கையெழுத்துப் போட்டேன். பால்பாயிண்டில் போட்டது தெளிவாக நின்றது. ஜெல் பேனாவில் போட்டது கண் முன்னாலேயே விரிந்தது.

பிள்ளைகளே, அது மறுசுழற்சித் தாளின் குற்றம் இல்லை. எழுதுகிற தாளுக்கு, மை ஊறாமல் நிற்க மேலே ஒரு பசைப் பூச்சு கொடுப்பார்கள். மறுசுழற்சித் தாளிலும் அந்தப் பூச்சு நன்றாகக் கொடுத்த தாள் கிடைக்கும். நான் டெண்டரில் அதைக் கேட்கவில்லை. என் பேனாவுக்கு அது தேவைப்படவில்லை, அதனால் தோன்றவில்லை. நம் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஜெல் பேனாவில்தான் எழுதுகிறார்கள் என்பது, உனக்குப் பரீட்சைக்குப் பரீட்சை பேனா வாங்கித் தந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஸ்டோருக்குள் வரும்போது அதை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் பிரிவு அலுவலர் வந்தார். எனக்கு மேலே இருந்தவர், நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

"ஆரோக்கியம், பதறாத. மதுரையில நம்ம பழைய கம்பெனிகிட்ட ரெடியா புத்தகம் கெடக்கு. ஒரு போன் போட்டா நாளைக்கு லாரி வந்துரும். இதத் திருப்பி அனுப்பிரு. மாதிரி ஒண்ணு, சரக்கு ஒண்ணுன்னு ஒரே ஒரு வரி எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்."

"மாதிரியும் இதுதான சார்?"

"மாதிரி நம்மகிட்டதான இருக்கு? தொலைஞ்சு போச்சுன்னு வச்சுக்கயேன். பாய்கிட்ட இருக்கிறத யாரு கேக்கப் போறா? உனக்கு ரிட்டயர்டுக்கு ரெண்டு வருசம்யா. பேரக் கெடுத்துக்கிட்டா போவ?" கொஞ்சம் நிறுத்தி, "பசுமை பசுமைன்னு ஆடுனதும் போதும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இழுத்துப் பிடித்தது. அந்த ஒரு வரியை எழுதினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். பாயின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் அவர் வாசலை மிதிக்காது. பழைய கம்பெனியே திரும்ப வரும், பிளாஸ்டிக் உறையோடு. மறுசுழற்சித் தாள் என்று இனி யார் சொன்னாலும், அந்த வருடம் பட்டது போதாதா என்று நம் ஆட்களே வாயை அடைப்பார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகாது.

"பிள்ளைகள பால்பாயிண்ட்ல எழுதச் சொல்லிட்டா?" என்றேன். அதுவும் கோழைத்தனமான யோசனைதான்.

கண்மணி விடவில்லை. "பரீட்சைக்கு வந்து உக்காந்த பெறகு பேனாவ மாத்துன்னு சொன்னா, பிள்ளைகளுக்குப் படிச்சதும் மறந்துரும்ணே. நம்ம பண்ணதுக்கு அதுக கை நடுங்கணுமா?"

அந்த நேரம் பார்த்து பாய் வந்தார். யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். கையில் அவருடைய மாதிரிப் புத்தகம். எங்கள் மூன்று கையெழுத்தும் முத்திரையும் அதிலும் இருந்தது. அதை நீட்டிச் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"அண்ணே, நீங்க கேட்ட தாளத்தான் போட்டேன். அல்லா சத்தியமா ஒரு கட்டுகூட மாத்தல. ஆனாலும் பிள்ளைக எழுத முடியலன்னா அது எனக்கும் அசிங்கம்தான். நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. கறுப்புப் பட்டியல் மட்டும் வேணாண்ணே. ஆறு குடும்பம் இருக்கு."

பிரிவு அலுவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் மனசு இல்லாமல் இல்லை.

"செத்த நேரம் உக்காருங்க பாய்" என்று சொல்லிவிட்டு நான் கிடங்குக்குள் போனேன். தீர்வு தேடிப் போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். மூன்று பேர் முகத்தையும் பார்க்க முடியாமல் போனேன். உள்ளே கடைசி வரிசையில் தார்ப்பாய் போர்த்திய கட்டுகள் கிடந்தன. அதன்மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஜெபித்தேன் என்றுகூடச் சொல்லலாம், புலம்பினேன் என்றும் சொல்லலாம்.

எழுந்திருக்கும்போது தார்ப்பாய் விலகியது. கீழே இருந்தது பழைய விடைப் புத்தகம்.

அது என்னுடைய இன்னொரு தப்பு. அதிகமாக அடித்தால் விலை குறையும் என்று சொன்னதைக் கேட்டு, ஒரு வருடத்துக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு வாங்கிவிட்டிருந்தேன். அடுத்த வருடமே முகப்புத் தாளை மாற்றிவிட்டார்கள். பதிவெண்ணுக்குக் கட்டங்களும் பார்கோடும் வந்தன. பழைய முகப்பு செல்லாது. வெட்கத்தில் தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்திருந்தேன். பழைய காகிதம் எடுக்கிறவருக்கு அந்த வருடம் தள்ளிவிடுவதாக இருந்தேன்.

ஒன்றை உருவினேன். ஓரம் லேசாக மஞ்சள். உள்பக்கங்கள் வெள்ளை. அதே அளவு, அதே கோடு, அதே பக்கக் கணக்கு. கண்மணியின் பேனா இன்னும் என் சட்டைப்பையில் இருந்தது. என் பெயரை எழுதினேன். நின்றது. திருப்பினேன். பின்பக்கம் சுத்தமாக இருந்தது.

புதுப் புத்தகத்தின் முகப்பு வேறு கெட்டித் தாள். பார்கோடு மங்கிவிடக் கூடாதென்று அதை மட்டும் நல்ல தாளாகக் கேட்டிருந்தேன், அதில் மை ஊறாது. ஆகவே பழையதின் உடம்புக்குப் புதியதின் முகத்தை வைத்துவிட்டால் முடிந்தது. இரண்டு புத்தகத்திலும் பின் கழற்ற வேண்டும், சேர்த்து வைத்துப் பின் அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, அதிகமாய் வாங்கி அடுக்கி வைப்பது நல்லது என்று பாடம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று எனக்கு யோகம் இருந்தது. வாங்காமல் விட்ட தாளை விடப் பசுமையான தாள் கிடையாது என்பதைத்தான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

வெளியே வந்து, ஊறுகிற புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்தேன். கண்மணியின் பேனாவிலேயே எழுதினேன். 'மாதிரியும் சரக்கும் ஒன்றே. அச்சகத்தின் மேல் தவறு இல்லை. மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தந்தது நான். அதில் எழுதிப் பார்க்கவில்லை.' அதற்குக் கீழே, முகப்பை மாற்றித் தைக்க அனுமதி கேட்டு நாலு வரி.

பிரிவு அலுவலர் பார்த்துவிட்டு, "மனு எழுத வேற தாளே இல்லையாய்யா?" என்றார்.

"இருக்கு சார். இதுலதான் புரியும்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பதிவாளர் அறைக்கு என்னோடு கூடவே வந்தார். இதையும் மறக்காமல் எழுதிவிட வேண்டும்.

பதிவாளர் தாளை வாங்கினார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன ஆரோக்கியம், எழுத்தா, கோலமா?"

"எழுத்துதாங்கய்யா. தாளு பரப்பிருச்சு. வாங்குனது நான்."

"கூட்டத்துல பசுமைத் தாள்னு அம்புட்டு நேரம் பேசுனது நீதான?"

"இப்பவும் பேசுவேன்யா. தாள் மேல தப்பில்ல. சரியான தாளாக் கேக்கத் தெரியல எனக்கு. அடுத்த தடவ கேட்டு வாங்குவேன்."

அவர் போனை எடுத்தார். தேர்வாணையரைக் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்கு ஒரே கவலைதான். முகப்பில் ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது, ஒன்றுகூட வெளியே போய்விடக் கூடாது. "எல்லாம் என் கண்ணு முன்னாடி நடக்கணும். நானும் வந்து உக்காருறேன்" என்றார்.

பதிவாளர் தன் மைப் பேனாவைத் திறந்து, என் மனுவின் அடியிலேயே 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடிப்பதற்குள் அது ஒரு கம்பளிப்பூச்சி ஆகிவிட்டது. எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தக் கதவையும் திறக்கிற கையெழுத்து அது. அதைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்யா, இந்த உத்தரவு செல்லுமா?"

"நீங்க சொன்னா செல்லும்யா" என்றார் பிரிவு அலுவலர்.

சனிக்கிழமை காலையில், நான் சொல்லி அனுப்பியதன் பேரில் சின்னாளப்பட்டியிலிருந்து பாண்டியம்மா வந்தார், கூட நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு. நோட்டுப் புத்தகம் தைக்கிற வேலையில் கைதேர்ந்தவர்கள். பாய் தன் கடையிலிருந்து, காலால் மிதித்துக் கம்பிப் பின் அடிக்கிற மிஷின் இரண்டை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். நான் கேட்கவில்லை. வர வேண்டும் என்று அவருக்குக் கட்டாயமும் இல்லை. தேர்வாணையர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாண்டியம்மா வேலையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் என்னை எடுத்தார்.

"ஏண்ணே, தாளத் தடவிப் பாத்தீகளாம், தூக்கிப் பாத்தீகளாம், கிழிச்சுப் பாத்தீகளாம்?"

"ஆமாம்மா."

"மோந்தும் பாத்திருப்பீக."

"பாத்தேன்."

"எழுதுற தாளுல எழுதிப் பாக்கணும்னு மட்டும் தோணல."

பெண்கள் சிரித்தார்கள். தேர்வாணையர்கூடச் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சேல நெய்யிற எங்க தெருவுல ஒரு சேல எடுக்க வந்தவுக அத ஒதறி மேல போட்டுப் பாக்காமப் போறதில்ல. இந்தா தள்ளுங்க, பின்னக் கழத்துற கத்திய எங்கிட்டக் குடுங்க. நீங்க கழத்துனா தாளு கிழியும்."

பூச்சி அரித்ததை ஒருத்தி ஒதுக்கினாள். ஒருத்தி பழைய முகப்பைக் கழற்றினாள். ஒருத்தி புதுப் புத்தகத்தின் முகப்பைக் கழற்றி, எண் வரிசை மாறாமல் எடுத்துக் கொடுத்தாள். பாய் மிதித்தார். நான் கட்டுக் கட்டினேன், சணல் கயிற்றில். முதல் வாரத் தேர்வுகளுக்கு வேண்டியது மட்டும் முதலில் முடித்தால் போதும், மீதியை அடுத்தடுத்த நாட்களில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் நேராக வந்தேன். உன் அம்மா எல்லாருக்குமாகத் தக்காளிச் சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். பாண்டியம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தொட்டுக்க வெஞ்சனம் எங்க?" என்று கேட்டார். வெஞ்சனம் கொண்டுவர மறந்திருந்தேன்.

"இதையும் பாக்காமத்தான் வாங்கிட்டு வந்தீகளா?"

பாய் சிரித்த சிரிப்பில் மிஷின் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே முதல் வாரத்துக்கான கடைசிக் கட்டும் முடிந்தது. தேர்வாணையர் முகப்புகளை எண்ணி, ஒன்று குறையாமல் இருக்கிறதென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை எனக்குத் தேர்வுக் கூடத்தில் வேலை இல்லை. இருந்தாலும் தாழ்வாரத்தில் போய் நின்றேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் பிள்ளை எழுதிக்கொண்டிருந்தது. நீல ஜெல் பேனா. முதல் பக்கம் முடிந்தது. திருப்பியது. ஒரு நொடிகூட நிற்காமல், பின்பக்கம் முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் எங்கள் எல்லாருக்கும் கூலி.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இனிக் கவனமாக இருக்கும்படி ஓர் எச்சரிக்கை, என் பணிப் பதிவேட்டில் ஏறியது. அதை நான் கறையாக நினைக்கவில்லை. பாய்க்குப் பணம் போய்ச் சேர்ந்தது, அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஊறுகிற தாளையும் நாங்கள் எறியவில்லை. பென்சிலில் கணக்குப் போட்டுப் பார்க்கிற துறைகளுக்கு, விடுதி அலுவலகத்துக்கு, பால்பாயிண்டில் கிறுக்குகிற எங்கள் மாதிரி ஆட்களுக்கு என்று குறிப்பேடாகத் தைத்துக் கொடுத்தோம். பாண்டியம்மாதான் தைத்தார். அது தீர வெகுநாள் ஆனது.

அடுத்த வருடமும் மறுசுழற்சித் தாள்தான். எதிர்ப்பு வரும் என்று நினைத்தேன். பிரிவு அலுவலரே கூட்டத்தில் எழுந்து, "தாள் மேல தப்பில்ல, கேட்ட விதத்துலதான் தப்பு" என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்ததுபோல. பாய் மூன்று விதத் தாளில் மாதிரி கொண்டுவந்தார். அதை எடுத்துக்கொண்டு நேராக ஒரு வகுப்புக்குப் போனேன். அவரவர் பேனாவில் ஆளுக்கு ஒரு பக்கம், இருபக்கமும் எழுதச் சொன்னேன். என்ன எழுதுவது என்று கேட்டார்கள். எதை வேண்டுமானாலும் என்றேன். பாதிப் பேர் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒரு தாள் மூன்று பேனாவுக்கு ஊறியது, ஒன்று ஒரே ஒரு பேனாவுக்கு, ஒன்று எதற்கும் ஊறவில்லை. அதற்குத்தான் கையெழுத்துப் போட்டோம். அந்தச் சாம்பார்ப் பக்கங்களெல்லாம் இன்றும் கோப்பில் இருக்கும்.

கண்மணி செய்ததைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஒருநாள் கத்தரிக்கோலோடு ஸ்டோருக்கு வந்து, மேசையில் கட்டியிருந்த பேனாவின் கயிற்றை வெட்டினாள். அந்த இடத்தில் ஒரு பழைய டப்பாவை வைத்து, ஜெல் பேனா, மைப் பேனா, பால்பாயிண்ட், பென்சில், கலர் பேனா என்று விதவிதமாகப் போட்டாள். மாதிரி எது வந்தாலும் எல்லாவற்றாலும் எழுதிப் பார்க்கத்தான். அதிலிருந்து பேனாக்கள் காணாமல் போய்க்கொண்டேதான் இருந்தன. அவளும் திட்டிக்கொண்டே நிரப்பிக்கொண்டே இருந்தாள்.

ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், மாலையெல்லாம் போட்டு முடிந்த பிறகு, அந்த டப்பாவிலிருந்து ஒரு நீல ஜெல் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டேன். கண்மணி பார்த்தாள். பார்க்காதவள்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெசிந்தா, அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன். தாள், பாய் இந்த வருடம் எனக்கு அனுப்பிய மறுசுழற்சித் தாள். உங்கள் கல்லூரிக்கும் அவர் மாதிரி கொடுப்பார். நான் சொன்னேன் என்பதற்காக வாங்காதீர்கள். இருபக்கமும் எழுதியிருக்கிறேன். நீங்கள் நாலு பேரும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு வரிகூட மற்றொரு வரியை மறைக்காமல் இதுவரைக்கும் வாசிக்க முடிந்திருந்தால், தாள் தேறிவிட்டது.